குழந்தை புவனேஸ்வரத்தில், வீடு தி. நகரில்

நீங்கள் தியாகராய நகரில் இருக்கிறீர்கள். தத்தெடுக்கப் பதிவு செய்து, வருடக்கணக்கில் காத்திருந்து, ஒருநாள் கைப்பேசியில் தகவல் வருகிறது. உங்களுக்கு ஒதுக்கப்பட்ட குழந்தை புவனேஸ்வரத்தில் இருக்கிறது. நாக்பூராகவோ லக்னோவாகவோகூட இருக்கலாம். முடிவு சொல்ல 48 மணி நேரம்தான். சரி என்று சொல்லிவிட்டு மூச்சு விட்ட பிறகு அடுத்த கவலை வருகிறது: பிள்ளையை எப்படிப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டி வருவது?

பெற்ற குழந்தையோடு விமானத்தில் போவதைப் பற்றி அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தத்தெடுத்த குழந்தையோடு வரும் முதல் பயணத்தில் இரண்டு விஷயங்கள் வேறு. ஒன்று, காகிதங்கள். இன்னொன்று, அந்தக் குழந்தைக்கு நீங்கள் இன்னும் புதியவர்.

தமிழ்நாட்டிலேயே குழந்தைகள் இருக்கும்போது எதற்கு ஒடிசா வரை போக வேண்டும்? ஜி.என். செட்டி சாலையில் 1949 முதல் இயங்கும் பால மந்திரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். நேரே ஓர் இல்லத்துக்குப் போய்க் கேட்டால் ஆகாதா? ஆகாது. 2015-இலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே இணையப் பதிவு. மத்திய அரசின் கீழ் இயங்கும் காரா (தத்தெடுப்பை ஒழுங்குசெய்யும் மைய அமைப்பு) அதை நடத்துகிறது. பதிவு மூப்புப்படி குழந்தை ஒதுக்கப்படும். எந்த மாநிலம் வேண்டும் என்று விருப்பம் சொல்லலாம். ஆனால் தமிழ்நாடு மட்டும் போதும் என்றால் காத்திருப்பு நீளக்கூடும். அதனால்தான் பலர் வெளிமாநிலத்துக்கும் சம்மதிக்கிறார்கள், விமானமும் ஏறுகிறார்கள்.

ரயில் ஆகாதா? ஆகும். பழக்கமான கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கொல்கத்தாப் பக்கத்திலிருந்து சென்னை வர ஏறக்குறைய ஒரு முழு நாள் எடுக்கும். விமானத்தில் அதே தூரம் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். புதுக் குழந்தையோடு இருபத்து நான்கு மணி நேரம், வருகிறவர் போகிறவர் எல்லாரும் எட்டிப் பார்க்கும் பெட்டியில் உட்கார்ந்து வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மருத்துவர் விமானம் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் ரயில்.

அடுத்த சந்தேகம் இன்னும் முக்கியமானது. தத்து ஆணை வருவதற்கு முன்பே குழந்தையை ஊர் தாண்டிக் கூட்டி வரலாமா?

வரலாம். பலரும் அப்படித்தான் வருகிறார்கள். நீங்கள் அந்த ஊருக்குப் போய், குழந்தையைப் பார்த்து, மருத்துவ அறிக்கையைப் படித்து, ஏற்றுக்கொள்கிறோம் என்று கையெழுத்திட்டதும், தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு (ஆணை வரும்வரை குழந்தை உங்கள் வீட்டிலேயே வளரும் ஏற்பாடு) என்ற பெயரில் குழந்தையை உங்களிடம் ஒப்படைப்பார்கள். அதற்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் உண்டு. ஆணை பிறகு வரும். முன்பு நீதிமன்றம் தந்துகொண்டிருந்த ஆணையை, 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் தருகிறார். விண்ணப்பம் போன இரண்டு மாதத்துக்குள் தர வேண்டும் என்பது சட்டம்.

இதன் நடைமுறை விளைவைக் கவனியுங்கள். நீங்கள் விமானம் ஏறும் அன்று குழந்தைக்கு உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ் இருக்காது. ஆணை வந்த பிறகுதான் அது கிடைக்கும். ஆதாரும் உங்கள் முகவரியில் இருக்காது. நீங்கள் ஆசையாக வைத்திருக்கும் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. குழந்தை இல்லத்தில் வைத்த பெயர்தான் எல்லாவற்றிலும் இருக்கும்.

அப்படியென்றால் டிக்கெட்டில் எந்தப் பெயர் போடுவது? கையில் இருக்கும் காகிதத்தில் என்ன பெயரோ, அதே பெயர், அதே எழுத்துக் கூட்டல். பாட்டி தேர்ந்தெடுத்த பெயரை டிக்கெட்டில் போட்டுவிட்டு, விமான நிலைய வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். புதுப் பெயர் ஆணையிலும் பிறப்புச் சான்றிதழிலும் ஏறும். அதுவரை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்ளலாம். பிறந்த தேதிக்கும் இதுவே பொருந்தும். கைவிடப்பட்டுக் கிடைத்த குழந்தைகளுக்கு மருத்துவர் பார்த்து வயதைக் கணித்து ஒரு தேதி கொடுத்திருப்பார்கள். பயணத்துக்கு அந்தத் தேதிதான் தேதி.

அந்த வயது ஏன் முக்கியம்? இரண்டு வயது நிறையாத குழந்தை உங்கள் மடியில் வரலாம், கட்டணமும் குறைவு. இரண்டு நிறைந்துவிட்டால் தனி இருக்கை வாங்கியே ஆக வேண்டும். விமான நிறுவனம் வயதுக்குச் சான்று கேட்கும். காட்ட முடியாவிட்டால் முழுக் கட்டணம் கேட்கவும் கூடும். பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்று பதற வேண்டாம். தடுப்பூசி அட்டையையும் வயதுச் சான்றாக ஏற்பது வழக்கம், குழந்தை இல்லம் அதை உங்களிடம் தரும். அதில் பெயரும் பிறந்த தேதியும் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். அழிந்தும் அடித்தும் இருந்தால் புது அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

குழந்தைக்குப் புகைப்பட அடையாள அட்டை வேண்டாமா? உள்நாட்டு விமானத்தில், செல்லுபடியாகும் அடையாள அட்டை வைத்திருக்கும் பெற்றோரோடு வரும் சிறு பிள்ளைக்குத் தனியாக அடையாள அட்டை தேவையில்லை. ஆனால் நீங்கள்தான் அந்தக் குழந்தைக்குப் பொறுப்பு என்பதைக் காட்டக் கையில் காகிதம் இருக்க வேண்டும். குழந்தையின் முகச்சாயல் உங்களோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். பேசத் தெரிந்த பிள்ளை உங்களை இன்னும் அம்மா, அப்பா என்று கூப்பிடாமல் இருக்கலாம். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால் அது அவமானம் இல்லை.

அவர்கள் கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. சென்னையில் ஏழை வீட்டுக் குழந்தைகளைக் கடத்தி, தத்து என்ற பெயரில் வெளிநாடுகளுக்கு அனுப்பிய வழக்கு 2005-இல் வெளியே வந்தது. 2019-இல் ராசிபுரத்தில் குழந்தைகளை விலைபேசிய கும்பல் பிடிபட்டது. அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு திணறும் இருவரைப் பார்த்துச் சக பயணி ஒருவர் 1098-ஐ (குழந்தைகள் உதவி எண்) அழைத்தால், அவர் செய்தது சரி. நீங்கள் கோப்பைத் திறந்து காட்டினால் விஷயம் முடிந்துவிடும்.

கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்? குழந்தைகள் நலக் குழு இந்தக் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று அறிவித்த சான்று, நீங்கள் ஏற்றுக் கையெழுத்திட்ட ஒதுக்கீட்டுத் தாள், வளர்ப்புப் பராமரிப்பு உறுதிமொழி, மருத்துவ அறிக்கை, தடுப்பூசி அட்டை, உங்கள் இருவரின் அடையாள அட்டைகள். இவற்றோடு நீங்களே கேட்டு வாங்க வேண்டிய ஒன்று உண்டு: சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனத்தின் (குழந்தையை வைத்துப் பராமரித்து ஒப்படைக்கும், அரசு அங்கீகாரம் பெற்ற இல்லம்) பெயர் அச்சிட்ட கடிதத்தாளில் ஒரு பயணக் கடிதம். ‘இன்ன பெயருள்ள, இன்ன தேதியில் பிறந்த குழந்தையை இன்னாரிடம் சட்டப்படி ஒப்படைத்திருக்கிறோம், இவர்கள் சென்னைக்கு அழைத்துச் செல்கிறார்கள்’ என்று ஒரு பத்தி, பொறுப்பாளரின் கையெழுத்து, பகல் இரவு எப்போதும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண். குழந்தையின் புகைப்படத்தை ஒட்டி அதன்மேல் முத்திரை இட்டால் இன்னும் நல்லது. உள்ளூர் மொழியில் மட்டும் இருந்தால் சென்னையில் பயன்படாது, ஆங்கிலத்திலும் கேளுங்கள்.

அசல் எல்லாம் கைப்பையில். பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது. எல்லாவற்றையும் படமெடுத்துக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் காட்டலாமா என்றால், கூடாது. அதிகாரிக்குக் காட்டலாம். பக்கத்து இருக்கைக்காரர் ‘யார் ஜாடை?’ என்று கேட்டால் சிரித்துவிட்டு ஜன்னலைப் பார்க்கலாம். குழந்தையின் கதை குழந்தைக்குச் சொந்தமானது.

இனி டிக்கெட். போகும் டிக்கெட்டை மட்டும் முதலில் எடுங்கள். ஒப்படைக்கும் தேதி ஒரு கையெழுத்துக்காகத் தள்ளிப்போவது சாதாரணம். திரும்பி வரும் டிக்கெட்டை முன்பே எடுத்தாக வேண்டும் என்றால், தேதி மாற்ற முடிகிற வகையாகப் பார்த்து எடுங்கள், சில நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. மடிக் குழந்தையைப் பிறகு அதே முன்பதிவில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு விமான நிறுவனத்தை அழையுங்கள். அழைக்கும்போதே, வயதுச் சான்றாகத் தடுப்பூசி அட்டையும் நிறுவனக் கடிதமும் போதுமா என்று கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள். முகப்பில் நிற்கும் ஊழியரிடம் வாக்குவாதம் செய்வதைவிட அந்த மின்னஞ்சலைக் காட்டுவது எளிது.

இரட்டையரோ, அண்ணன் தங்கையோ சேர்ந்து வருகிறார்களா? ஒரு பெரியவர் மடியில் ஒரு குழந்தைதான். இரண்டு மடிக் குழந்தைகள் என்றால் இரண்டு பெரியவர்கள் வேண்டும், பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவும் விட மாட்டார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு கூடுதல் பிராணவாயு முகமூடிதான் தொங்கும் என்பது காரணம். தனி இருக்கையில் வரும் பிள்ளை பெற்றோரை விட்டுத் தள்ளி உட்கார நேருமோ என்ற பயம் வேண்டாம். 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே முன்பதிவில் வரும் பெற்றோரில் ஒருவரின் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. முன்பதிவு ஒரே எண்ணில் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நேர விமானம்? இரவு விமானத்தில் குழந்தை தூங்கிவிடும் என்பது பெற்றோரின் ஆசை. புது இடத்தில் தூக்கம் வராத குழந்தைக்கு அது பொருந்தாது. காலைச் சாப்பாடு முடிந்து, குளித்து, கொஞ்சம் விளையாடிய பிறகு கிளம்பும் முற்பகல் விமானம்தான் என் தேர்வு. இடையில் இறங்கி மாறும் விமானம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் அந்தப் பிஞ்சுக் காதுக்கு ஒரு சோதனை.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். குழந்தையைக் கையில் வாங்கிய அன்றே விமானம் ஏறாதீர்கள்.

ஏன்? உங்களுக்கு அது கொண்டாட்ட நாள். குழந்தைக்கு அது, தனக்குத் தெரிந்த ஒரே ஆயாவையும் தெரிந்த தொட்டிலையும் விட்டுப் பிரியும் நாள். காலையில் பிரிவு, மதியம் புது மனிதர்கள், மாலையில் காது வலிக்கும் ஓர் இரைச்சல் பெட்டி, இரவில் முன்பின் தெரியாத வீடு என்று ஒரே நாளில் எல்லாம் வந்தால் பெரியவர்களுக்கே தாங்காது. இரண்டு மூன்று நாள் அதே ஊரில் தங்குங்கள். இல்லத்துக்குப் பக்கத்தில், சமையலறையோடு ஓர் அறை கிடைத்தால் நல்லது. அந்த நாள்களில் பால் கொடுப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் நீங்களே செய்யுங்கள். உங்கள் வாசனையும் குரலும் குழந்தைக்குப் பழகட்டும். இல்லத்தில் அனுமதித்தால், ஒப்படைப்பதற்கு முந்தின நாளே போய் ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எப்படித் தூக்குகிறார், எப்படித் தட்டுகிறார் என்று பாருங்கள்.

ஆயாவிடம் கேட்க வேண்டியவை நிறைய. எந்தப் பால்மாவு, எத்தனை கரண்டி, வெதுவெதுப்பாகவா ஆறியதா, எந்தப் புட்டி, எத்தனை மணிக்குத் தூக்கம், எந்தப் பக்கம் படுக்கும், தூங்கும்போது விளக்கு எரியுமா, எதைக் கண்டால் பயம். பால்மாவையும் புட்டியின் காம்பையும் பயணத்துக்கு முன் மாற்றவே மாற்றாதீர்கள். நம் ஊரில் வேறு நல்லது கிடைக்கும் என்றாலும் அதெல்லாம் ஒரு மாதம் கழித்து. குழந்தை படுத்த துணி ஒன்றைத் துவைக்காமல் கேட்டு வாங்குங்கள். பாண்டி பஜாரில் வாங்கிவைத்த புதுச் சட்டை அழகுதான், ஆனால் பயண நாளுக்குப் பழைய, மெத்தென்ற, இல்லத்தில் போட்டிருந்த உடுப்பே சரி.

உடல்நிலை விஷயத்தில் என்ன பார்ப்பது? பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தையை ஏற்றிக்கொள்ள விமான நிறுவனங்கள் தயங்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களுக்கு அந்தக் கவலை அநேகமாக வராது. பெற்றோர் ஒப்படைத்த குழந்தை என்றால் அவர்கள் மனம் மாறுவதற்குச் சட்டம் இரண்டு மாதம் அவகாசம் தருகிறது. கைவிடப்பட்ட, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் விசாரித்து முடிக்க இரண்டு மாதம், அதற்கு மேற்பட்ட வயதென்றால் நான்கு மாதம் வரை ஆகும். ஆகவே உங்கள் கைக்கு வரும் குழந்தை பச்சிளம் பருவத்தைத் தாண்டியிருக்கும்.

ஆனால் குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயத்திலோ நுரையீரலிலோ குறை உள்ள குழந்தை, மூச்சுத் திணறல் வந்து போன குழந்தை என்றால் கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது. கொடைக்கானல் ஏழாயிரம் அடி. அந்த உயரத்தில் சிரமமில்லாமல் மூச்சு விடுமா என்பதுதான் கேள்வி. மருத்துவ அறிக்கையைக் கிளம்பும் முன்பே உங்கள் தி. நகர்க் குழந்தை மருத்துவருக்கு அனுப்பிவிடுங்கள். பயணத்துக்குத் தகுதி என்று அவரோ அந்த ஊர் மருத்துவரோ ஒரு தாளில் எழுதித் தருவது நல்லது. சளி பிடித்துக் காது அடைத்திருந்தால் இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். தூங்க வைப்பதற்கென்று எந்தச் சொட்டு மருந்தும் கொடுக்காதீர்கள். ‘எங்க காலத்துல’ என்று தொடங்கும் யோசனைகளுக்கும் இது பொருந்தும்.

காது ஏன் வலிக்கிறது? விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் வெளிக் காற்றழுத்தம் மாறும். காதுக்குள்ளிருந்து தொண்டைக்குப் போகும் மெல்லிய குழாய் திறந்து மூடினால்தான் அழுத்தம் சமமாகும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் ஒடுக்கமானது. விழுங்கும்போதும் சப்பும்போதும் அது திறக்கும். அதனால் ஏறும்போது பால் புட்டி, இறங்கத் தொடங்கும்போது மறுபடி பால் புட்டி. இறக்கத்தில்தான் வலி அதிகம். சக்கரம் தரையைத் தொடுவதற்கு இருபது முப்பது நிமிடம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும், அப்போதே எழுப்பிக் கொடுங்கள். நடுவில் பசியாற்றிவிட்டு இறங்கும்போது கையைப் பிசையாதீர்கள். பெரிய பிள்ளைக்கு ஒரு மிட்டாய் அல்லது குழல் வைத்த சாறு போதும்.

பாதுகாப்புச் சோதனையில் பாலையும் வெந்நீரையும் பிடுங்கிவிடுவார்களா? குழந்தை உணவுக்கு விலக்கு உண்டு. பயண நேரத்துக்குத் தேவையான அளவு, விமானம் தாமதமானால் இன்னும் ஒரு வேளைக்கு, அவ்வளவு போதும். என்ன என்று கேட்டால் சொல்லுங்கள், திறந்து காட்டச் சொன்னால் காட்டுங்கள். வெந்நீர் விமானத்திலும் கிடைக்கும், ஆனால் கொதிக்கக் கொதிக்கத் தருவார்கள், ஆற்றுவதற்கு உங்களிடம் கொஞ்சம் குளிர்ந்த நீர் இருக்கட்டும். தள்ளுவண்டி இருந்தால் குழந்தையை அதிலிருந்து தூக்கச் சொல்லி, வண்டியைத் தனியாகச் சோதிப்பார்கள். அரைஞாண் கயிற்றில் ஊக்கு மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். தள்ளுவண்டியைவிட, இந்த ஒரு நாளுக்கு மார்போடு கட்டிக்கொள்ளும் துணித் தூளியே சிறந்தது. கை இரண்டும் விடுபடும், குழந்தைக்கும் உங்கள் நெஞ்சுச் சூடு கிடைக்கும். சோதனையில் அதையும் அவிழ்க்கச் சொல்வார்கள், அதற்குத் தயாராக இருங்கள். மடிக் குழந்தையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் முகப்புக்குப் போய்த்தான் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகவே போங்கள்.

விமானத்தில் குழந்தை விடாமல் அழுதால்? அழட்டும். நீங்கள் மோசமான பெற்றோர் என்பதற்கு அது சான்றில்லை. பழகிய ஒருவரை இழந்த துக்கம் அது, அழத் தெரிந்த குழந்தை ஒருவிதத்தில் நல்ல நிலையில் இருக்கிறது. தோளில் போட்டுத் தட்டுங்கள், மெல்லப் பாடுங்கள், தாலாட்டுத் தெரியாவிட்டால் தெரிந்த எந்தப் பாட்டானாலும் சரி. இதற்கு நேர்மாறாக, கண்ணைத் திறந்தபடி அசையாமல், எதற்கும் முகம் மாறாமல் இருந்தால் ‘எவ்வளவு சமத்து!’ என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பயத்தில் உறைந்த குழந்தையும் அப்படித்தான் இருக்கும். கையைப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே வாருங்கள்.

பேசுவது என்றால் எந்த மொழியில்? இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் இதை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். இந்தி கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பானி என்றால் தண்ணீர், பூக் என்றால் பசி, நீந்த் என்றால் தூக்கம், சூசூ என்றால் சிறுநீர். இந்த நாலு வார்த்தையே விமானத்தில் பாதிச் சங்கடத்தைத் தீர்த்துவிடும். ஒடியாவோ மராத்தியோ என்றால் ஆயாவிடம் கேட்டுத் தமிழில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ‘நாம் வானத்தில் போகிறோம், பெரிய சத்தம் வரும், பயப்பட வேண்டாம், நான் கூடவே இருப்பேன்’ என்று அந்த மொழியில் இல்லத்திலிருப்பவர் யாரையாவது கைப்பேசியில் பதிந்து தரச் சொல்லுங்கள். தெரிந்த குரலில் அதைக் கேட்டால் பிள்ளை அடங்கும். வீட்டின் படம், தூங்கப்போகும் கட்டிலின் படம், தாத்தா பாட்டியின் படம் நாலைந்து அச்செடுத்துக் கையில் கொடுங்கள்.

சென்னையில் இறங்கியாயிற்று. உள்நாட்டு விமானங்கள் முதலாம், நான்காம் முனையங்களில் வந்து நிற்கும். டிக்கெட்டில் எண்ணைப் பார்த்து, கூட்டிப் போக வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள். செயலி வழி வாடகைக் காருக்கு அடுக்குமாடி வாகன நிறுத்தம் வரை நடக்க வேண்டும். களைத்த குழந்தையோடும் பெட்டியோடும் அது நீண்ட நடை. வீட்டுக் காரோ தெரிந்த ஓட்டுநரோ வந்தால் நல்லது. சாமான் அதிகம் இல்லையென்றால் மெட்ரோவில் சைதாப்பேட்டையிலோ நந்தனத்திலோ இறங்கி அங்கிருந்து ஆட்டோவில் வந்துவிடலாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மாலை நேரத்தில் இறங்கி உஸ்மான் சாலைப் பக்கம் வரத் திட்டம் போடாதீர்கள். இரண்டு மணி நேரம் பறந்த குழந்தை, கடைசி இரண்டு கிலோமீட்டரில் பொறுமை இழந்துவிடும்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. விமான நிலையத்துக்கு மாலையோடு பதினைந்து பேர் போகாதீர்கள். ஒருவர் போதும், அவரும் கார் ஓட்டுகிறவராக இருக்கட்டும். வாசலில் ஆரத்தி எடுங்கள், அதோடு விடுங்கள். ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குக் குழந்தையை மாற்றி மாற்றிக் கொடுத்தால், யார் தன்னுடைய ஆள் என்றே அதற்குப் புரியாது. சித்தியும் அத்தையும் கொஞ்ச மாதக் கணக்கில் நேரம் இருக்கிறது. முதல் சில வாரம் பாலும் சோறும் அம்மாவோ அப்பாவோதான் ஊட்ட வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் இங்கே தத்தெடுத்துக் கூட்டிப் போவதாக இருந்தால் கதை வேறு, காலமும் வேறு. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்றது. அதன்படி காராவின் தடையில்லாச் சான்றும், சட்டப்படி நடந்த தத்து என்ற இணக்கச் சான்றும், குழந்தைக்கு இந்தியக் கடவுச்சீட்டும், போகிற நாட்டின் விசாவும் வேண்டும். இவை எல்லாம் கைக்கு வரும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள். அக்காவின் பிள்ளையைத் தங்கை தத்தெடுத்து சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ கூட்டிப் போகும் குடும்பங்கள் நம் பகுதியில் உண்டு. இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 1956-இன்படி பத்திரம் பதிந்துவிட்டால் போதும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். வெளிநாட்டுக்குக் கூட்டிப் போக அது மட்டும் போதாது. மாவட்ட ஆட்சியரின் சரிபார்ப்பும் காராவின் சான்றும் தேவை. கோவிலில் வைத்துக் கைமாற்றிக்கொண்டதையோ, மருத்துவமனையில் பேசி வாங்கிக்கொண்டதையோ எந்த விமான நிலையமும் தத்தாக ஏற்காது. சட்டத்துக்குப் புறம்பாகத் தத்துக் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இங்கேயே இருப்பவர்களுக்கு, ஆணை வந்து, பிறப்புச் சான்றிதழ் வந்த பிறகு கடவுச்சீட்டு எளிது. சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய மூன்று இடங்களில் சேவை மையங்கள் இருக்கின்றன. அவசரப் பயணம் எதுவும் இல்லாவிட்டாலும் எடுத்துவைத்துவிடுங்கள். பெற்றோர் பெயரும் புதுப் பெயரும் சேர்ந்த, புகைப்படமுள்ள ஆவணம் ஒன்று கையில் இருந்தால் அடுத்த பயணங்களில் விளக்கம் சொல்லும் வேலை இருக்காது.

ஆணைக்காகக் குழந்தையோடு மறுபடி அந்த ஊருக்குப் போக வேண்டி வரலாம். ஒப்படைக்கும் அன்றே அதைக் கேட்டு, விடுப்புக்கும் செலவுக்கும் இடம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை ஒப்படைத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்து அறிக்கை அனுப்புவார். வீடு மாறினால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

விமானத்தில் கொண்டுவந்த அந்தக் கோப்பைப் பரணில் போட்டுவிடாதீர்கள். இல்லத்தின் பெயர், முதல் பெயர், ஒப்படைத்த தேதி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வளர்ந்த பிறகு தன் பிறப்பு வேர்களைத் தேட விரும்பினால் அதற்கு விண்ணப்பிக்கும் உரிமையைத் தத்தெடுப்பு விதிகள் உங்கள் பிள்ளைக்கே கொடுத்திருக்கின்றன. அன்றைக்கு முதலில் கேட்கப்படும் தாள்கள் இவைதான்.